பொட்டு வைத்தால் மட்டும் போதுமா?



ஆயுத பூஜை வருகிறது. பட்டறை, பஞ்சர் கடை, சர்வீஸ் ஸ்டேஷன் வைத்திருக்கிற பிள்ளைகள் மிஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, அந்தப் படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவீர்கள். வருஷா வருஷம் வருகிறது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படங்களில் ஏர் கம்ப்ரஸரை மட்டும் நான் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்ப்பேன். பிரஷர் கேஜ் கண்ணாடிக்கு நடுவில் பெரிய பொட்டு. முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. சேஃப்டி வால்வின் வளையத்தில் மாலை தொங்கும். டாங்க்குக்குப் புது பெயின்ட் அடித்திருப்பீர்கள், அதுவும் நேம் பிளேட்டின் மேலேயே. டாங்க்குக்கு அடியில் இருக்கிற டிரெய்ன் வால்வை மட்டும் யாரும் தொட்டிருக்க மாட்டீர்கள். துரு ஏறிப் போய் அப்படியே இருக்கும்.

இந்தப் பதிவு அந்த வால்வைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். டீ குடிக்கிற நேரத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

டீச்சருக்குக் கம்ப்ரஸரைப் பற்றி என்ன தெரியும் என்று புதிதாகச் சேர்ந்த உறவுகள் நினைக்கலாம். எங்கள் வீட்டுக்காரர் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிற பட்டறை வைத்திருந்தார். வீட்டுக்கு முன்னால் பட்டறை. அந்தச் சத்தத்தில் உட்கார்ந்துதான் முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தினேன். மீதி எனக்குத் தெரிந்தது ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் நான் சொல்லிக்கொடுத்த அறிவியல். இந்த விஷயத்துக்கு அது போதும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்ரஸரைப் பராமரிப்பது கடைப் பையனின் வேலை இல்லை, முதலாளியின் வேலை. டாங்க்கில் தேங்குகிற தண்ணீரைத் தினமும் திறந்துவிடாதவரும், ஓட்டை விழுந்த டாங்க்குக்கு வெல்டிங் வைக்கிறவரும் பணத்தை மிச்சம் பிடிக்கவில்லை. பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். கடுமையாக இருந்தால் மன்னிக்க வேண்டாம், கோபப்பட்டுக்கொண்டாவது கடைசி வரை படியுங்கள்.

முதலில் தண்ணீர்.

"காத்தைத்தானே டீச்சர் அடைக்கிறோம், தண்ணி எங்கிருந்து வருது?" என்று ஒரு பிள்ளை கேட்டான். நல்ல கேள்வி. நம்மைச் சுற்றி இருக்கிற காற்றில் எப்போதும் கொஞ்சம் நீராவி கலந்திருக்கிறது. 30 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். சாதாரண நாளில் அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 20 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரஸர் அந்தக் காற்றை எட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குகிறது. காற்று அமுங்கும். ஆனால் ஒரு கன மீட்டர் இடம் தாங்குகிற நீராவியின் அளவு அப்படியேதான் இருக்கும். மிச்சம் எங்கே போகும்? தண்ணீராக மாறி டாங்க்கின் அடியில் உட்காரும். பஸ்ஸில் நெருக்கினால் ஆட்கள் நிற்கலாம், மூட்டைகளை இறக்கித்தான் ஆக வேண்டும். அது மாதிரி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், பழக்கதோஷம். நிமிஷத்துக்கு 200 லிட்டர் காற்றை இழுக்கிற கம்ப்ரஸர் ஒரு நாளில் மொத்தம் 5 மணி நேரம் ஓடுகிறது என்றால், 60 கன மீட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. அதில் 60 பெருக்கல் 20, ஆக 1,200 கிராம் நீராவி. எட்டில் ஒரு பங்காக அமுக்கினால் அந்தக் காற்று ஏழரை கன மீட்டர். அது தாங்குகிற நீராவி 225 கிராம்தான். மீதி 975 கிராம். கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர். டாங்க் சூடாக இருப்பதால் கொஞ்சம் ஹோஸ் வழியாகவும் வெளியே போய்விடும். பாதியே தங்குகிறது என்று வைத்தாலும் தினமும் அரை லிட்டர். 300 நாள் வேலை என்றால் 150 லிட்டர். கடற்கரை ஊர்களில், மழைக்காலத்தில், இன்னும் அதிகம். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் கடை வைத்திருக்கிற பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயின்டர் பிள்ளைகளுக்கு இந்தத் தண்ணீரை நன்றாகத் தெரியும். அடித்த பெயின்டில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்தால் காற்றில் தண்ணீர், எண்ணெய் வருகிறது என்று உடனே கத்துவார்கள். ஃபில்டர் வாங்கி மாட்டுவார்கள். அதே தண்ணீர்தான் டாங்க்கின் அடித்தகட்டை உள்ளிருந்து தின்கிறது. அது கண்ணுக்குத் தெரியாததால் யாரும் கத்துவதில்லை.

இனி அழுத்தம்.

ராபர்ட் பாயில் 1662-இல் சொன்ன விதி உங்களுக்கு நினைவிருக்கும். வெப்பநிலை மாறாதபோது, வாயுவின் கனஅளவு குறைந்தால் அழுத்தம் கூடும். அதை மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கினீர்கள். அந்த விதி உங்கள் கடையில் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. கேஜில் 8 கிலோ காட்டுகிறது என்றால், டாங்க்கின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் உள்ளிருந்து 8 கிலோ எடை தள்ளுகிறது என்று அர்த்தம். 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள டாங்க்கின் ஒரு பக்க மூடியின் பரப்பு சுமார் 1,590 சதுர சென்டிமீட்டர். எட்டால் பெருக்குங்கள். 12,700 கிலோ. அதாவது 12 டன்னுக்கு மேல். அந்தப் பக்க மூடியை ஒரு லோடு லாரியின் பாரம் இரவும் பகலும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது சில மில்லிமீட்டர் தகடு. துரு அந்தத் தகட்டைப் பாதியாகத் தின்றுவிட்டால், மிச்சமிருக்கிற பாதி இரண்டு மடங்கு பாரத்தைச் சுமக்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று பெயின்ட் சொல்லாது.

200 லிட்டர் டாங்க் ஒன்றில் 8 கிலோ அழுத்தத்தில் காற்று இருந்தால், அது ஒரே நொடியில் வெளியே வரும்போது கிடைக்கும் ஆற்றல் தோராயமாக 200 கிலோ ஜூல். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதற்குள் இருக்கும் ஆற்றலும் அதேதான். கடைக்குள் ஒரு கார் அந்த வேகத்தில் வந்து மோதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். டாங்க் வெடித்தால் ஷட்டர் பிய்ந்து போவதும், தகர ஷெட் பறப்பதும் ஏன் என்று புரியும்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டாங்க்கைச் சோதிக்கிறவர்கள் காற்றை அடைத்துச் சோதிக்க மாட்டார்கள். தண்ணீரை நிரப்பி, அதற்குமேல் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். ஏன்? தண்ணீர் அமுங்காது. அதில் ஆற்றல் சேர்ந்து நிற்காது. சோதனையில் தகடு கிழிந்தாலும் தண்ணீர் பீச்சும், அழுத்தம் உடனே இறங்கிவிடும், அவ்வளவுதான். அதே இடத்தில் காற்று இருந்தால் வெடிக்கும். இதைத்தான் ஹைட்ரோ டெஸ்ட் என்கிறார்கள். ஆகவே யாராவது வந்து, "காத்து ஏத்திப் பார்த்துடலாம், சுத்தியலால தட்டிப் பார்த்துடலாம்" என்றால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். காற்று ஏறிய டாங்க்கைச் சுத்தியலால் தொடவே கூடாது.

அடுத்து சேஃப்டி வால்வ்.

பாயிலோடு லண்டனில் வேலை பார்த்தவர் டெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர். 1679-இல் எலும்பைக்கூட வேகவைக்கும் ஒரு மூடிய பாத்திரத்தை அவர் செய்து காட்டினார். நம் வீட்டுக் குக்கருக்கு அதுதான் பாட்டன். அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும் வால்வை அந்தப் பாத்திரத்துக்காகக் கண்டுபிடித்ததும் அவர்தான் என்று சொல்வார்கள். மூடிய பாத்திரத்தில் அழுத்தம் ஏற்றினால் அதற்கு ஒரு வழி வைக்க வேண்டும் என்பது 300 வருஷத்துக்கு முன்பே தெரிந்த பாடம். நம் வீட்டுப் பெண்கள் குக்கர் வால்வ் உருகினால் அதே நாளில் புதுசு வாங்கிப் போடுவார்கள். அந்த ஓட்டையில் ஆணி அடித்து அடைத்துச் சமைக்கிற ஒருத்தியை நான் பார்த்ததில்லை. ஆனால் சேஃப்டி வால்வில் காற்று கசிகிறது என்று அதைக் கழற்றிவிட்டு, அங்கே போல்ட் போட்டு முறுக்கி அடைத்த பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன்.

அது எப்படி ஆபத்து என்று படிப்படியாகச் சொல்கிறேன். டாங்க் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துவது பிரஷர் ஸ்விட்ச். அதன் பாயின்ட் ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். எந்த ஸ்விட்சுக்கும் இது வரலாம். மோட்டார் நிற்காமல் ஓடும். முள் ஏறிக்கொண்டே போகும். அப்போது காப்பாற்ற இருக்கிற ஒரே ஆள் சேஃப்டி வால்வ். அதையும் அடைத்து வைத்திருந்தால், அல்லது வருஷக்கணக்கில் இழுத்துப் பார்க்காமல் அது துருவில் இறுகிப் போயிருந்தால், மிச்சம் இருப்பது துரு தின்ற தகடு மட்டும். ஸ்விட்ச், வால்வ், தகடு என்று மூன்று கதவு வைத்துத்தான் அந்த மிஷினைச் செய்திருக்கிறார்கள். நாம் ஒவ்வொரு கதவாகத் திறந்து வைத்துவிட்டு, "இருபது வருஷமா ஓடுது டீச்சர், ஒண்ணும் ஆகல" என்கிறோம்.

அந்த இருபது வருஷத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பது உங்களுக்குத் தைரியம் தருகிறது. எனக்குப் பயம் தருகிறது. துருவுக்கு விடுமுறை கிடையாது. போன வருஷம் இருந்த தகடு இந்த வருஷம் இல்லை. மனிதருக்கு வயதானால் வருஷத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்கிறோம். வயதான டாங்க்குக்கு மட்டும் ஏன் ஏற்கனவே ஓடிய வருஷத்தைச் சான்றிதழாகக் காட்டுகிறோம்?

டாங்க்கின் அடியில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்து "உஸ்" என்று காற்று வந்தால், டாங்க் உங்களுக்குக் கடைசித் தபால் போட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு மிஷினை நிறுத்துங்கள். அந்த ஓட்டையில் வெல்டிங் வைத்தால் ஓட்டை அடைபடும். அதைச் சுற்றியுள்ள தகடும் அதே தண்ணீரில் ஊறி அதே அளவு மெலிந்துதான் இருக்கும். வெல்டிங் சூடு அதை இன்னும் கெடுக்கும். எம்-சீல் வைப்பது அதைவிட மோசம். ஹெட், பிஸ்டன், மோட்டார் எல்லாவற்றையும் ரிப்பேர் பார்க்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். துருப்பிடித்து ஓட்டை விழுந்த டாங்க்குக்கு மட்டும் ரிப்பேர் என்ற பேச்சே இல்லை. வேறு டாங்க் மாற்ற வேண்டியதுதான். பழைய டாங்க்கை இன்னொருவருக்கு விற்காதீர்கள். யாரும் திரும்பக் காற்று ஏற்ற முடியாதபடி அறுத்துத்தான் இரும்புக் கடைக்குப் போட வேண்டும்.

"புது டாங்க் வாங்கக் காசு யார் கொடுப்பா?" என்ற கேள்வி நியாயமானது. சின்னக் கடைகளின் வருமானம் எனக்குத் தெரியும். அதனால்தான் தண்ணீரைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். டாங்க் மாற்றுவதற்குப் பணம் வேண்டும். தண்ணீர் திறந்துவிட ஒரு பைசா வேண்டாம். ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம்தான் டாங்க்கின் ஆயுளை நீட்டுகிறது.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். பட்டறையில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

தினமும் கடை அடைக்கும்போது: மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். காற்றை ஓரளவு இறக்கி, ஒன்று இரண்டு கிலோ இருக்கும்போது டிரெய்ன் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். முகத்தையும் கையையும் அதற்கு நேரே வைக்கக் கூடாது. தண்ணீர் முழுவதும் வந்து வெறும் காற்று வரும்வரை விட வேண்டும். இரவு திறந்தே இருக்கட்டும். டாங்க் உலரும், ஆள் இல்லாத நேரத்தில் அழுத்தமும் இருக்காது. காலையில் மூடிக்கொள்ளலாம். வருகிற தண்ணீரில் எண்ணெய் கலந்திருக்கும். சாக்கடையில் விடாமல் ஒரு கேனில் பிடியுங்கள். அடியில் குனிந்து திறக்கக் கஷ்டமாக இருந்தால், அங்கிருந்து ஒரு இரும்புக் குழாயை வெளியே நீட்டிக் கைக்கு எட்டுகிற இடத்தில் பால் வால்வ் போட்டுக்கொள்ளுங்கள். பி.வி.சி. குழாய் வேண்டாம். அழுத்தக் காற்றில் அது கண்ணாடி மாதிரி சிதறும்.

தினமும் காலையில்: ஆயில் லெவல் கண்ணாடியைப் பாருங்கள். எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, மாற்ற வேண்டும். கையில் கிடைத்த பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். மிஷினுடன் வந்த புத்தகத்தில் சொன்ன கம்ப்ரஸர் ஆயில்தான். தப்பான எண்ணெய் ஹெட் சூட்டில் கரியாகப் படியும், வால்வ் பிளேட் சரியாக உட்காராது.

வாரம் ஒரு முறை: ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஃபில்டர் அடைத்தால் மோட்டார் அதிக நேரம் ஓடும், கரண்ட் பில் ஏறும். மெயினை அணைத்துவிட்டு பெல்ட்டைக் கட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள், அரை அங்குலம் அளவுக்கு இறங்கலாம். பெல்ட் கார்டு இல்லாமல் ஓட்டாதீர்கள். கம்ப்ரஸர் நின்றுவிட்டது என்று நினைத்துக் கை வைப்பீர்கள், அழுத்தம் குறைந்தால் அது தானாக ஓடத் தொடங்கும். விரல் போனால் திரும்ப முளைக்காது. எந்த ரிப்பேர் பார்ப்பதாக இருந்தாலும் மெயின் அணை, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போடு, டாங்க்கைக் காலி செய், பிறகு ஸ்பேனரை எடு. இந்த வரிசை மாறவே கூடாது.

மாதம் ஒரு முறை: கண்ணாடி போட்டுக்கொண்டு, டாங்க்கில் அழுத்தம் இருக்கும்போது சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்து விடுங்கள். சீறிக்கொண்டு காற்று வந்து, விட்டதும் நிற்க வேண்டும். வரவில்லை என்றாலும், நிற்கவில்லை என்றாலும் வால்வை மாற்றுங்கள். நேம் பிளேட்டில் போட்ட அழுத்தத்துக்குமேல் திறக்கிற வால்வை வாங்காதீர்கள். அதே நாளில் கசிவையும் பாருங்கள். டாங்க்கை நிரப்பி, மெயினை அணைத்து, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, அரை மணி நேரம் கழித்து முள்ளைப் பாருங்கள். இறங்கியிருந்தால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். 3 எச்.பி. மோட்டார் என்பது 2.2 கிலோவாட். கசிவால் தினம் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினால் 300 நாளில் 660 யூனிட் வரை வீண். அதை உங்கள் யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள், சேஃப்டி வால்வ் வாங்கக் காசு எங்கே போனது என்று தெரியும்.

மிஷின் பேசுவதையும் கேட்கப் பழகுங்கள். ஓடி நிற்கும்போது பிரஷர் ஸ்விட்ச் பக்கம் "புஸ்" என்று ஒரு தடவை காற்று வந்து நின்றால் அது சரி, அன்லோடர் தன் வேலையைச் செய்கிறது. நின்ற பிறகும் அங்கே காற்று வந்துகொண்டே இருந்தால் நான்-ரிட்டர்ன் வால்வ் பிடிக்கவில்லை. டாங்க் நிரம்ப வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகிறதா? ஃபில்டர், பெல்ட், வால்வ் பிளேட், ரிங் என்று அந்த வரிசையில் பாருங்கள். சுலபமானதும் செலவு குறைந்ததும் முதலில். ஃபில்டர் வாயில் கை வைத்தால் காற்று திரும்பி வந்து கையில் அடிக்கிறது என்றால் உறிஞ்சும் வால்வ் கசிகிறது. எண்ணெய் சீக்கிரம் குறைகிறது, ஹோஸில் எண்ணெய் வருகிறது என்றால் ரிங் தேய்ந்திருக்கலாம். மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் திரும்பத் திரும்ப ஸ்விட்ச் போடாதீர்கள். அன்லோடர் காற்றை விடாமல் வைத்திருக்கலாம், வோல்டேஜ் குறைவாக இருக்கலாம், சிங்கிள் பேஸ் மோட்டாராக இருந்தால் கெபாசிட்டர் போயிருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். 1948-இல் வந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 31-வது பிரிவே அழுத்தத்தில் இயங்கும் இயந்திரங்களைப் பற்றியதுதான். பாதுகாப்பான அழுத்தத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது கட்டாயம் என்றது. ஆனால் அந்தச் சட்டம் தொழிற்சாலை என்று கணக்கில் எடுத்தது, மின்சாரம் வைத்துப் 10 பேராவது வேலை செய்கிற இடத்தை. ஒரு முதலாளி, ஒரு பையன் என்று நடக்கிற பஞ்சர் கடைக்கு ஆய்வாளர் யாரும் தேடி வரப்போவதில்லை. பெரிய மில்லில் இருக்கிற டாங்க்கும் உங்கள் டாங்க்கும் ஒரே இரும்பு, ஒரே காற்று. அங்கே பார்க்க ஆள் இருக்கிறது, இங்கே நீங்கள்தான் ஆய்வாளர். அதனால்தான் இது முதலாளியின் வேலை என்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கடையில் கம்ப்ரஸர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முதலாளி கல்லாவில் இருப்பார். டாங்க்குக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டியூப்பைத் தேய்த்துக்கொண்டிருப்பது கடையிலேயே சின்னவனாக, சம்பளம் குறைந்தவனாக இருக்கிற பையன். ஸ்கூட்டிக்குக் காற்றுப் பிடிக்க வந்து, முன்னால் குழந்தையை நிற்கவைத்துக்கொண்டு காத்திருக்கிற அம்மாவும் அங்கேதான் நிற்கிறாள். தவறு நடந்தால் தண்டனை யாருக்கு என்று அந்த இடமே சொல்கிறது. இரண்டடி செங்கல் சுவருக்குப் பின்னாலோ, கடைக்கு வெளியே பின்பக்கத்திலோ, வெயிலும் மழையும் படாத காற்றோட்டமான இடத்தில் டாங்க்கை வையுங்கள். ஹோஸ் எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் கிடைக்கும்.

விளையாட்டுக்காகக்கூட அந்தக் காற்றை மனித உடம்பின் மேல் விடாதீர்கள். சட்டையில் தூசி தட்டவும் வேண்டாம். கண்ணும் காதும் போய்விடும். வேடிக்கைக்காக உடன் வேலை செய்கிறவனின் உடம்புக்குள் காற்றைச் செலுத்திக் குடல் கிழிந்து இறந்துபோன செய்திகள் நம் நாட்டில் ஒன்றுக்குமேல் வந்திருக்கின்றன. கடைக்குப் புதிதாக ஒரு பையன் வந்தால் முதல் நாளே இதை உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த மிஷின் அந்நியமானது இல்லை. கோயம்புத்தூரில் எல்ஜி நிறுவனம் 1960-இல் தொடங்கியது. இன்று பல நாடுகளுக்கு நம் பக்கத்திலிருந்து கம்ப்ரஸர் போகிறது. செய்வதில் கெட்டிக்காரர்களாக இருக்கிற நாம், வைத்துக்கொள்வதிலும் கெட்டிக்காரர்களாக இருக்கக் கூடாதா?

அதனால் ஒரு யோசனை சொல்கிறேன். ஆயுத பூஜையை விட்டுவிட வேண்டாம். சாமி கும்பிடுங்கள், பொரிகடலை கொடுங்கள். ஆனால் அதற்கு முந்தைய வாரத்தை கம்ப்ரஸரின் வருஷாந்திரப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேஜ் சரியாகக் காட்டுகிறதா என்று நம்பகமான வேறொரு கேஜோடு ஒப்பிடுங்கள். சேஃப்டி வால்வைச் சோதியுங்கள். தகுதியுள்ள ஆளைக் கூப்பிட்டு டாங்க்கின் தகட்டுக் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். பழைய டாங்க் என்றால் ஹைட்ரோ டெஸ்ட் செய்து சான்றிதழ் வாங்குங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டாங்க், நேம் பிளேட் இல்லாத டாங்க் என்றால் சோதிக்காமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். வருஷா வருஷம் எப்படியும் வருகிற நாள், மறக்காது. தேதியைச் சுவரில் பெயின்டால் எழுதி வையுங்கள். பெயின்ட் அடிக்கும்போது நேம் பிளேட்டை டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள். பொட்டை டாங்க்கின் வயிற்றில் வையுங்கள், கேஜின் கண்ணில் வைக்காதீர்கள்.

கடை இல்லாத சொந்தபந்தங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. காற்றுப் பிடிக்கப் போகிற இடத்தில், "தம்பி, இன்னைக்குத் தண்ணி திறந்துவிட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதட்ட வேண்டாம், அன்பாகக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது நாள் அவரே திறந்துவிடுவார். காற்றுப் பிடிக்கிற வரைக்கும் குழந்தையை டாங்க் பக்கம் விடாமல் இந்தப் பக்கம் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் பட்டறைப் படம் அனுப்புகிற பிள்ளைகள் கூடவே இன்னொரு படமும் அனுப்புங்கள். டிரெய்ன் வால்வைத் திறந்து கேனில் தண்ணீர் பிடிக்கிற படம். எவ்வளவு வந்தது என்று அளந்து கீழே எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம், பழுப்பாகத்தான் வரும். யாருக்கு எவ்வளவு வந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். எனக்குத் தெரியாததை பட்டறை நடத்துகிற உங்கள் சீனியர்கள் சொல்வார்கள்.

பட்டறை வைத்திருக்கிற ஒருவருக்காவது இதை அனுப்பி வையுங்கள்.

எல்லோரும் கை கால் சுகத்தோடு, தொழில் விருத்தியாகி நன்றாக இருங்கள். முன்கூட்டியே ஆயுத பூஜை வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்